சூரியனைத் துரத்திய லோடு ஆட்டோ

இத்தாலிக்குப் போகிறோம் என்றதும் திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "அங்க குளிருமா?" என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அங்க சூரியன் எப்ப மறையும்?"

அத்தை அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் சமணர்கள். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிர் வைத்துப் பிழைத்த நயினார் குடும்பங்களில் ஒன்று. பொழுது போன பிறகு சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் காலகாலமான வழக்கம். வழக்கம் என்றால் பெரியவர்களுக்குத்தான். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. தாவரவியல் படித்தபோது நானும் எல்லாரையும் போல ராத்திரியில் பரோட்டா பிய்த்தவள்தான்.

பிறகு மித்ரா பிறந்தாள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்தார்கள். நான் வெளியே நின்று வேண்டிக்கொண்டேன்: இவளுக்கு ஐந்து வயது முடிகிறவரை, பொழுது போன பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டேன். தண்ணீர் மட்டும் விலக்கு. என் இரவுச் சாப்பாட்டுக்கும் ஒரு குழந்தையின் நுரையீரலுக்கும் சம்பந்தமில்லை என்று படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் சாப்பிடாமல் இருந்தேன், அவள் மூச்சு விட்டாள். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று சாப்பிட்டுச் சோதித்துப் பார்க்க எந்த அம்மாவுக்குத் தைரியம் வரும்?

அந்த வேண்டுதல் முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் இந்தப் பயணம் வந்து வாய்த்தது. என் கணவர் ஸ்ரீபால், பாலைக் குளிர வைக்கும் எவர்சில்வர் தொட்டிகள் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். தெற்கு இத்தாலியில் ஓர் எருமைப் பண்ணையில் தொட்டி ஒன்றைப் பொருத்தித் தர அவரை அனுப்பினார்கள். அந்தக் கடற்கரை முழுக்க இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் கிரேக்கர்கள் கப்பலில் வந்து ஊர் அமைத்த இடமாம். "கூடவே வாங்க, கோயில் பார்க்கலாம், கடல் பார்க்கலாம்" என்றார். நான் இரண்டு வாரம் யோசித்தேன். போவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் விசா வந்துவிட்டது.

இங்கே எங்கள் ஊர் சூரியனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு மலைக்குக் கிழக்கே. ஆகவே எங்களுக்கு அஸ்தமனம் என்பது அடிவானத்தில் நடப்பதில்லை. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் முடிந்தது. வானத்தில் வெளிச்சம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அத்தை அடுக்களையைச் சாத்திவிடுவார். "மலை மறைச்சா மறைச்சதுதான்." மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் என் நாத்தனார் வீடு. அதே நேரத்தில் அங்கே பளீரென்று வெயில் அடிக்கும். நாத்தனார் ஆற அமர இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். இதென்ன நியாயம் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "அவ சூரியன் வேற, நம்ம சூரியன் வேற" என்று அத்தை முடித்துவிட்டார்.

சரி, இத்தாலி.

நாங்கள் தங்கிய ஊர் ஒரு சின்ன மீன்பிடித் துறை. மூன்று பக்கமும் மேடு, தெற்கே மட்டும் கடலுக்குத் திறந்திருக்கும், முறம் மாதிரி குழிந்த ஊர். எங்கள் அறைக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. அதை நடத்துகிறவர் ரோசா. ஐம்பது வயதிருக்கும். சில வருடம் லண்டனில் ஹோட்டல் வேலை பார்த்தவர் என்பதால் எனக்குப் புரிகிற ஆங்கிலம் பேசினார், எல்லாவற்றையும் சண்டை போடுகிற குரலில்.

முதல் நாள் மதியம் போய் இறங்கியதும் எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. இங்கே நடுப்பகல் வெயில். ஊரில் இந்நேரம் மலை சூரியனை மறைத்திருக்கும். வேண்டுதல் செய்தது அந்த ஊர் சூரியனுக்குக் கீழே. அப்படியென்றால் கணக்கு எந்த சூரியன்? முடிவு தெரியாமல் சாப்பிட வேண்டாமென்று பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபால் ரொட்டியைத் தக்காளியோடு மென்றுகொண்டே, "உங்க அம்மா வீட்ல, எங்க வீட்ல, யாருக்குமே வராத சந்தேகம் உனக்குதான் வரும்" என்றார்.

"சந்தேகம் வராதவங்க யாரும் இத்தாலிக்கு வரலியே."

கடைசியில் அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே இருட்டி, அத்தை படுக்கப் போகிற நேரம். போனில் என் முகத்துக்குப் பின்னால் வெயிலைப் பார்த்து அசந்துபோனார்.

"இன்னாடி இது, இன்னும் வெயிலு கொளுத்துது? இங்க நாய் கூட தூங்கிடுச்சு."

"அதான் அத்தை, எந்த சூரியனைப் பார்க்கிறது? அங்க இருக்கறதா, இங்க இருக்கறதா?"

அத்தை போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"தெரியுதுன்னா துன்னு. தெரியலன்னா துன்னாத. இதுக்குப் போயி காலேஜ் படிச்சவ எனக்கு போன் பண்ற. கொழந்தை சாப்ட்டாளா?"

அதுதான் என் இரண்டாவது கவலை. மித்ரா சாப்பிட மாட்டாள். மூன்று வாய், மிஞ்சினால் நான்கு வாய். அதற்குள் ஒரு கதை, ஒரு பாட்டு, ஜன்னலில் ஒரு காக்கை எல்லாம் தேவைப்படும். டாக்டர் நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறார். எடை பார்க்கிற மெஷின் மேல் அவள் ஏறும்போதெல்லாம் என் நெஞ்சு மட்டும் ஒருமுறை இறங்கி ஏறும். இத்தாலியில் காக்கையும் கம்மி.

கண்ணால் கண்டால் சாப்பிடலாம் என்று தீர்ப்பு வந்துவிட்டதால் சாயங்காலம் துள்ளிக்கொண்டு கீழே போனேன். ரோசா கடையில் நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்திருந்தன.

"சாப்பாடா? எட்டு மணிக்கு" என்றார் ரோசா.

"கொஞ்சம் முன்னால கிடைக்காதா?"

"எட்டு மணிக்கு முன்னால் இரவுச் சாப்பாடு கேட்பவர்கள் இரண்டே பேர். நோயாளி, இல்லையென்றால் தொலைந்துபோன சுற்றுலாப் பயணி. நீ எது?"

நான் வேண்டுதலைப் பற்றிச் சொன்னேன். ரோசா இடுப்பில் கைவைத்துக் கேட்டார். கேலி செய்வார் என்று நினைத்தேன். "என் அம்மா என் தம்பிக்காக ஏழு வருடம் இனிப்பு தொடவில்லை" என்றார். "ஆனால் அடுப்பு எட்டு மணிக்குத்தான். அது என் பாட்டி போட்ட சட்டம்."

ஆக, ஒரு மாமியார் சட்டத்துக்கும் ஒரு பாட்டி சட்டத்துக்கும் நடுவில் என் வயிறு. ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் எட்டரை வரைக்கும் சூரியன் இருக்குமாம். ஆனால் இந்த ஊரில் இல்லை. மேற்கே துருத்திக்கொண்டிருந்த மேடு எட்டு மணிக்கெல்லாம் சூரியனை விழுங்கிவிட்டது. சொந்த ஊர் மலையே ஆள்மாறாட்டம் செய்து கூட வந்துவிட்டது போலிருந்தது. நான் அதற்கு முன்பே அறையில் ரொட்டியும் தக்காளியும் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியும் வைத்துச் சமாளித்தேன்.

மறுநாள் பேஸ்டம் என்கிற பழைய கிரேக்க ஊருக்குப் போனோம். வழியெல்லாம் எருமை. நம் எருமைகளைப் போலவே சேற்றில் கழுத்துவரை உட்கார்ந்து உலகத்தை வெறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தன. மித்ரா ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டினாள். ஒன்றுகூடப் பதில் மரியாதை செய்யவில்லை.

எருமை மேய்கிற சமவெளி திடீரென்று நின்று, புல்வெளியில் மூன்று கோயில்கள். தேன் நிறத்தில், ஆள் மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனில் தூண்கள். கூரை கிடையாது. கோபுரம் கிடையாது. எங்கள் ஊர் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் கூட்டமாக நின்று ஊர்வம்பு பேசுவது மாதிரி இருக்கும். இவை அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூண்களுக்கு நடுவே நீலமாக வானம் தெரிந்ததைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். உடனே மித்ராவுக்குத் தொப்பி போடவில்லை என்பது ஞாபகம் வந்து பையைத் துழாவினேன்.

ஒரு கோயிலுக்குள் மட்டும் ஏறிப் பார்க்க விட்டார்கள். படி ஏறினேன். உள்ளே நடந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அங்கே வேலை செய்கிறவர். ஒரு கையில் என் செருப்பு, இன்னொரு கையில் மித்ராவின் குட்டி ஷூ. கீழே படியோரத்தில் என்னை அறியாமலே கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன். குழந்தையுடையதையும் கழற்றியிருக்கிறேன். ஸ்ரீபால் தன் ஷூவோடு தூண் மறைவில் நின்று, என்னைத் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண் படபடவென்று பேசியதை அவர் போன் மொழிபெயர்த்தது: "அம்மா, யாரோ கடத்தப்பட்டுவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன்."

"கோயில்" என்று நான் தூணைக் காட்டினேன். அவர் செருப்பைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செருப்பை மெதுவாக, இரண்டு கையாலும் கீழே வைத்தார். கல் அடுப்பாகக் கொதித்தது என்பதால் நான் பக்தியை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"சாமி எங்கம்மா?" என்றாள் மித்ரா.

"ஊருக்குப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

இரண்டாயிரம் வருடமாக அந்தத் தூண்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கின்றன என்று தோன்றியது. "அம்மாவுக்குத் தெரியாதுடா" என்றேன்.

அங்கேயே ஒரு அருங்காட்சியகம். ஒரு கல்லறையின் மூடியில் வரைந்த ஓவியம் இருந்தது. ஒரு இளைஞன் உயரமான மேடையிலிருந்து தண்ணீரில் தலைகீழாகப் பாய்கிறான். கைகளை நீட்டி, அந்தரத்தில், அத்தனை நிம்மதியாக. இந்த உலகத்திலிருந்து அந்த உலகத்துக்குப் பாய்கிறான் என்று பலகையில் எழுதியிருந்தது. எல்லாரும் அழகு அழகு என்று நின்றார்கள். மித்ரா மட்டும் கேட்டாள்: "அவங்க அம்மா எங்க?" என் மகளேதான். நானும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் ஸ்ரீபால் பண்ணைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் கடலோரம். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கீழே கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். எலுமிச்சைத் தோட்டங்கள் சரிவில் படிப்படியாக இறங்கிக் கடலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பாறை இடுக்கில் சப்பாத்திக்கள்ளி பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் செங்கம் ரோட்டுக்கே வந்துவிட்ட மாதிரி ஆறுதலாக இருந்தது. மித்ரா அன்று முழுக்கச் சாப்பிட்டது ஒரு ரொட்டி ஓரமும் ஆறு திராட்சையும்.

ரோசா இதைக் கவனித்துவிட்டார். மறுநாள் மதியம் ஒரு தட்டு வெள்ளைக் கட்டியோடு வந்தார். அந்த ஊரே பெருமைப்படுகிற எருமைப் பாலாடைக்கட்டி. நான் தலையாட்டினேன். பால் திரைவதற்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ஒன்றைச் சேர்க்கிறார்கள் என்று ஸ்ரீபால் பண்ணையில் கேட்டு வந்து சொல்லியிருந்தார். எங்களுக்கு ஆகாது.

ரோசா அடுத்து காய் போட்ட ஒரு தட்டோடு வந்தார்.

"இதில் மீன் இருக்கா?"

"மீனே இல்லை!"

"அது என்ன, மேலே நீளமா?"

"அது நெத்திலி."

"நெத்திலி மீன்தானே?"

"நெத்திலி உப்பு மாதிரி" என்றார் ரோசா, என் அறியாமைக்கு வருந்தி. தட்டு திரும்பிப் போனது. அவருடைய கணவர் நிக்கோலா வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே சிரித்தார். ரோசா அவரிடம் ஏதோ கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த ஊரில் என் சமையலை வேண்டாமென்ற குழந்தை இதுவரை பிறக்கவில்லை. உன் மகள் போவதற்குள் என் தட்டைக் காலி செய்வாள்."

"பார்க்கலாம்" என்றேன். பாவம், தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக்கு முந்தின நாள் வேலியா. கடலோரக் குன்றின் மேல் இன்னொரு கிரேக்க ஊர். ரயிலில் போனோம். இறங்கும்போது பழக்கப்படி எண்ணினேன்: குழந்தை, புருஷன், பாஸ்போர்ட் பை. எல்லாம் சரி. ரயில் கிளம்பி வளைவில் மறைந்த பிறகுதான் எண்ணிக்கையில் சாப்பாட்டுப் பை இல்லை என்பது உறைத்தது. ரொட்டி, வேகவைத்த பீன்ஸ், பருப்புப்பொடி எல்லாம் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

"பருப்புப்பொடி போச்சே" என்றார் ஸ்ரீபால், நெருங்கிய உறவு போனது மாதிரி.

வாங்கிச் சாப்பிடலாம் என்றால் ஸ்டேஷன் பக்கத்தில் கடைகளை மதியத் தூக்கத்துக்குச் சாத்தியாகிவிட்டது. ஒரு மெஷினில் கடைசியாக இருந்த ஒரு ஜூஸ் மித்ராவுக்குக் கிடைத்தது. மற்றபடி இருந்த பிஸ்கட்டில் முட்டை. அதனால் எனக்குத் தண்ணீர். பரவாயில்லை, சாயங்காலம் திரும்பிவிடுவோம், சூரியன் நிறைய இருக்கிறது என்று குன்றேறினோம்.

ஊரின் இரண்டு பாதிகளைச் சேர்க்கிற ஒரு கல் வாசல் இருந்தது. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. வெறும் கல்லை வில்லாக வளைத்து ஒன்றையொன்று தாங்கி நிற்க வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் உட்கார்ந்தபோது வீசிய காற்றில் காட்டு ஓமமும் கடல் உப்பும் கலந்து வந்தன. ஆலிவ் மரங்கள் வெள்ளிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டின. பசிக்காவிட்டால் அங்கேயே இருந்திருப்பேன்.

ஸ்ரீபால் பலகையைப் படித்தார். இந்த ஊர் தத்துவஞானிகளின் ஊராம். அதில் ஒருவர், வேகமாக ஓடுகிறவன் கூடத் தனக்கு முன்னால் புறப்பட்ட ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று நிரூபித்தாராம். அவன் ஆமை இருந்த இடத்துக்குப் போவதற்குள் ஆமை கொஞ்சம் நகர்ந்திருக்கும், மறுபடி போவதற்குள் மறுபடி நகர்ந்திருக்கும்.

"இதைக் கண்டுபிடிக்க ஞானி வேணுமா?" என்றேன். "சாப்பாட்டுத் தட்டோட இவ பின்னால ஓடிப் பாருங்க."

மித்ரா அதற்குள் வாசலைத் தாண்டி ஓடியிருந்தாள்.

திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தால் ரயில் இல்லை. வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவித்திருந்தார்களாம், எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பஸ் வரும் என்றார்கள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டிருந்ததைப் போன் மொழிபெயர்த்துச் சொன்னது.

"பஸ் வருமா?"

"நேற்று வந்தது."

"நேற்று வந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை."

"அப்படியானால் எனக்குத் தெரியாது."

நான் நிழல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கம்பத்தின் நிழல் ரோட்டைக் கடந்து எதிர்ச் சுவரில் ஏறியது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நான் காலையில் சாப்பிட்டதோடு அஸ்தமனம் வரை வெறும் வயிற்றோடு இருந்ததில்லை. சாப்பிடாவிட்டால் வேண்டுதல் ஒன்றும் முறியாதுதான். ஆனால் தலை சுற்றியது. இந்தப் பசியில் இருட்டிய பிறகு யாராவது ஒரு ரொட்டியை நீட்டினால் வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஒரு மாதம்தான் பாக்கி. கரையைத் தொடப் போகிற நேரத்தில் கையை விடுவதா?

"போயிடலாம், பத்மா. ரோசாவுக்கு மெசேஜ் போட்டுட்டேன்" என்றார் ஸ்ரீபால். வழக்கமான கேலி அந்தக் குரலில் இல்லை.

பஸ் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் சூரியன் ஒருமுறை கடல் பக்கம் தெரிந்தது, ஒருமுறை காணாமல் போனது. தெரியும்போதெல்லாம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அந்த ஞானியின் ஆமை எது என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது.

நாங்கள் தங்கிய ஊர் ஸ்டாப்பில் இறங்கி ஓடினோம். ரோசா வாசலில் நின்றிருந்தார். உள்ளேயிருந்து தாளித்த வாசனை. எட்டு இன்னும் அடிக்கவில்லை, ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"என் பாட்டி கல்லறையில் புரண்டு படுத்திருப்பாள்" என்றார் ரோசா. "உட்கார்!"

மேசையில் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பட்டை பட்டையாக வெட்டிய கோதுமை மாவுத் துண்டுகள், கொண்டைக்கடலை, ஆலிவ் எண்ணெய், ஏதோ ஒரு காட்டு இலை. முட்டை இல்லை, பாலாடைக்கட்டி இல்லை, நெத்திலி இல்லை என்று ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சத்தியம் செய்தார். கிரேக்கர் காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் செய்கிற சாப்பாடாம்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த அதே நேரம் மேசை மேல் நிழல் ஏறியது. தட்டைத் தாண்டியது. கடைக்கு வெளியே கூழாங்கல் தரையையும் தாண்டிக் கடலுக்குள் இறங்கியது. மேற்கு மேடு சூரியனை எடுத்துக்கொண்டுவிட்டது.

"வெளிச்சம் இருக்கே" என்றார் ரோசா.

"கண்ணுக்குத் தெரியல" என்றேன். எனக்கு அழுகை வந்தது. மலை மறைச்சா மறைச்சதுதான். சொந்த ஊரில் இதே மாதிரி எத்தனை சாயங்காலம், தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டில் இன்னும் வெயில் அடிக்குமே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

நாத்தனார்!

"இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை. பழைய கிரேக்க மதில் கொஞ்சம். அப்புறம் கடல்."

"அங்க சூரியன் இருக்கும். அந்தப் பக்கம் எப்பவும் இருக்கும்!"

ரோசா என்னைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். "நிக்கோலா!" என்று அவர் போட்ட கூச்சலில் படகுகளே திரும்பிப் பார்த்திருக்கும்.

நிக்கோலாவிடம் இருந்தது ஒரு மூன்று சக்கர வண்டி. அச்சு அசல் நம் ஊர் லோடு ஆட்டோ. அதே மூக்கு, அதே சத்தம், அதே புகை. பௌர்ணமிக்கு எங்கள் தெருவில் தண்ணீர் கேன் இறக்க வருமே, அதன் அண்ணன். பின்னால் மீன் கூடைகளை எடுத்து வீசிவிட்டு எங்களை ஏற்றினார். நான், மித்ரா, ஸ்ரீபால். தட்டை யாரிடமும் கொடுக்க மறுத்து, மேலே துணி போட்டு மூடி, மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு ரோசா.

"கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று ஸ்ரீபால் தமிழிலேயே ரோசாவிடம் சொன்னார். அவருக்குப் புரிந்தது.

வண்டி முக்கி முனகி ஏறியது. வளைவுகளில் நாங்கள் நால்வரும் ஒருபக்கமாகச் சாய்ந்தோம். மீன் நாற்றத்துக்கு நடுவே ஆலிவ் எண்ணெய் மணந்தது. எம்.எஸ்சி. தாவரவியல் படித்த ஒருத்தி, மீன் வண்டியில், சூரியனைப் பிடிக்கப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. வண்டி குலுங்கியதில் அது விக்கலாக முடிந்தது. மித்ரா, "இன்னும் வேகமா! இன்னும் வேகமா!" என்று கூடைக் கயிற்றைப் பிடித்துக் குதித்தாள்.

மேலே ஏறியதும் முகத்தில் அறைந்தது வெயில்.

அங்கே இருந்தது, முழு சூரியன். செம்மையாக, உருண்டையாக, கடலுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில். நான் பிறந்ததிலிருந்து சூரியன் கடலில் இறங்கிப் பார்த்ததில்லை. நம் பக்கத்துக் கடலில் அது எழுவது மட்டும்தான். கீழே ஒவ்வொரு முனையாகக் கரை நீண்டு போய், தூரத்தில் நீலப் புகையாகக் கலந்தது. இடுப்புயரத்துக்குக் கிரேக்கர் அடுக்கிய மதில். ரோசா அதன் மேல் தட்டை வைத்துத் துணியை எடுத்தார். இன்னும் ஆவி பறந்தது.

"சாப்பிடு!" என்றார்.

நான் ஒரு கவளத்தைப் பிசைந்து எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகும்போது மதில் மேலே ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது.

"எனக்கு" என்றாள் மித்ரா.

அவளாகக் கேட்டாள். கதை இல்லை, பாட்டு இல்லை, காக்கை இல்லை. வாயை அகலமாகத் திறந்துகொண்டு நின்றாள். கொடுத்தேன். மென்றாள். மறுபடி திறந்தாள்.

இன்னொரு வாய்தானே, நான்கோடு நின்றுவிடுவாள், அப்புறம் நாம் சாப்பிடலாம் என்று கொடுத்தேன். நான்கு தாண்டியது. கொண்டைக்கடலையைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னாள். தந்தேன். நடுவில் நிறுத்தினால், என் வாய்க்கு ஒன்று போட்டுக்கொண்டால், இந்த மயக்கம் கலைந்து மறுபடி உதட்டை இறுக்கிக்கொள்வாளோ என்று பயம். அதுவரை போகட்டும், இதோ அடுத்தது எனக்கு, இதோ அடுத்தது.

"பத்மா, நீ சாப்பிடு. சூரியன் தொட்டுடுச்சு!" என்றார் ஸ்ரீபால்.

"இருங்க."

"பாதி போச்சு!"

"இருங்கன்னா."

ரோசாவும் நிக்கோலாவும் இத்தாலியனில் கத்தினார்கள். ரோசா கடலைப் பார்த்துக் கை கூப்பி, கொஞ்சம் நில் என்று சூரியனையே மிரட்டினார். மித்ரா கடைசிக் கடலையைத் தட்டின் ஓரத்திலிருந்து விரலால் தள்ளி எடுத்து வாயில் போட்டாள். தட்டு வெறும் எண்ணெயாகப் பளபளத்தது.

நான் நிமிர்ந்தபோது கடல் மேல் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. பார்க்கப் பார்க்க அதுவும் போனது.

முதலில் நிக்கோலா சிரித்தார். பிறகு ஸ்ரீபால். ரோசா தட்டைத் தூக்கி, அடியில்கூட ஒன்றும் ஒட்டவில்லை என்று எங்களுக்குத் திருப்பிக் காட்டினார். "சொன்னேனா, காலி செய்வாள் என்று?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "கீழே இன்னும் இருக்கிறது. ஒரு வாய். யார் பார்க்கப் போகிறார்கள்?"

"இன்னும் ஒரு மாசம்தான் ரோசா."

அவர் என் கன்னத்தைக் கிள்ளினார். வண்டி இறங்கும்போது மித்ரா என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தம்பூரா குடம் மாதிரி இருந்தது. அத்தனை பசியிலும் அப்படி ஒரு தூக்கம் எனக்கு அந்த ஊரில் வேறெந்த நாளும் வரவில்லை.

விடிந்ததும் பால்கனிக்கு ஓடினேன். வானம் வெளுத்திருந்தது, கடல் வெளுத்திருந்தது, சூரியனைக் காணோம். அப்போதுதான் கவனித்தேன்: கிழக்கே உயரமான மலை. ஊரில் எங்கள் மலை மாலையில் செய்கிற வேலையை இந்த மலை காலையில் செய்துகொண்டிருந்தது.

அத்தைக்குப் போன் போட்டு நடந்ததெல்லாம் சொன்னேன்.

"கொழந்தை முழுத் தட்டையும் துன்னுச்சா? மெய்யாலுமா?" அத்தை இரண்டு தடவை கேட்டார். "நீ?"

"சூரியன் வரட்டும்னு காத்திருக்கேன். இங்க கிழக்கால மலை."

"இங்க வந்து எவ்ளோ நேரமாச்சு, மாடியில மிளகா காயுது. வெயிலு ஜாஸ்தியாதான் இருக்கு, கொஞ்சம் அனுப்பட்டுமா?" என்று சிரித்தார்.

கீழே ரோசா மூடி போட்ட தட்டோடு தெருவில் நின்று மலையை முறைத்துக்கொண்டிருந்தார். நிக்கோலா வண்டிச் சாவியைச் சுற்றிக்காட்டி, ஏறலாமா என்று சைகை செய்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். மித்ரா பால்கனிக் கம்பியைப் பிடித்து நுனிக்காலில் நின்று, கண் சிமிட்டாமல் மலையைக் காவல் காத்தாள். ஒரு கையில் எனக்காக ரொட்டித் துண்டு.

"அம்மா!" என்று கத்தினாள். மலை விளிம்பில் ஊசி முனையளவு ஒரு வெளிச்சம் குத்தியது. "வந்துடுச்சு, வந்துடுச்சு! ஆ காட்டு!"